ஐந்தாவது கேள்விக்கு நீ எழுத வேண்டிய பதில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், மற்றது எதுவும் சரியில்லை. போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீ கத்துவாய். நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாதா, மாடியில் நான் முணுமுணுத்தால் எந்தச் சுருதியில் முணுமுணுத்தேன் என்று கீழே இருந்து உன் அப்பா சொல்வார். அதனால்தான் மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். முதலாளி எட்டிப் பார்த்தால் சரக்குக் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

விவரம் அப்புறம், முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் பேருக்கு அப்பா பாட்டு சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வரும். பள்ளி டாக்டர் அனுப்புகிறார், குடும்பத்து ஆட்கள் அவரவர் கையெழுத்தில் நிரப்ப வேண்டுமாம். மொத்தம் ஏழு கேள்வி. ஐந்தாவது கேள்வி, இதற்கு முன் எப்போதாவது இப்படி நடந்திருக்கிறதா என்பது. அதற்கு இல்லை என்று ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. கூட ஒரு எழுத்து வேண்டாம். என்ன ஏது என்று இனிமேல் படி, பதறாதே.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது. பாட்டு அறையில் படிப்படியாக மூன்று வரிசை பெஞ்சு உண்டல்லவா, அதில் முப்பத்திரண்டு பிள்ளைகளை நிறுத்தி உன் அப்பா போட்டிக்குப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பழக்கும் விதம் உனக்குப் புதிதில்லை. வாய் திறந்து ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார், மேசையைத் தட்ட மாட்டார், எல்லாம் அந்த இடது கைதான். கை ஏறினால் குரல் ஏற வேண்டும், கை நின்றால் மூச்சு நிற்க வேண்டும், கை தாழ்ந்தால் உட்கார வேண்டும். என் மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்கா, கையப் பாரு என்பார். பெற்றவர்கள் எல்லாம் அந்தக் கையைத்தான் புகழ்வார்கள், எங்க வீட்டுல ஒரு பேச்சு கேக்காத வாலு உங்க கைக்கு மட்டும் அடங்குதே சார் என்று. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக் கூரையில் வேலை செய்கிற ஆட்கள் ஒரு கட்டுத் தகரத்தை மேலிருந்து அப்படியே கை நழுவ விட்டுவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் கடையிலேயே அந்தச் சத்தத்தில் பாட்டில்கள் ஆடின. அங்கே உன் அப்பாவின் கை தாழ்ந்திருக்கிறது. உட்காருகிற அளவுக்கு இல்லை, தரை வரைக்கும். பிள்ளைகளும் தரை வரைக்கும் போய்விட்டார்கள், முப்பத்திரண்டு பேரும் குப்புற. முன்வரிசையில் நின்ற இரண்டு பொடிசுகள் மேல் அவரே கவிழ்ந்து படுத்திருக்கிறார். மேல் பெஞ்சிலிருந்து குதித்து விழுந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு முழங்கை முறிந்துவிட்டது.

இது மட்டும் என்றால் விபத்து என்று போயிருக்கும். பதினோரு நிமிடம் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பாட்டு அறையில் இவ்வளவு நேரமாகச் சத்தமே இல்லையே என்று பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வந்து கதவைத் திறந்திருக்கிறாள். அவளே என்னிடம் சொன்னாள். எழுந்திருங்கப்பான்னு சொல்றேன், ஒண்ணுகூட அசையல, எல்லாக் கண்ணும் சார் கையையே பாத்துக்கிட்டு இருக்கு, அந்தக் கை தரையில ஒட்டி இருக்கு என்றாள். முழங்கை முறிந்த பெண் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அழவே இல்லை. ஏன்டி கண்ணு அழல என்று கேட்டதற்கு, சார் கை இன்னும் ஏறலையே டீச்சர் என்றாளாம்.

அவர் பட்டாளத்தில் இருந்தார் என்று உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்தார் என்று தெரியாது. கேட்டால் கிளாரினெட் வாசித்தேன் என்பார், அதுவும் உண்மைதான். ஆனால் சண்டை மூண்டதும் பாண்டு வாத்தியக்காரர்கள் கையிலிருந்து வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரைக் கொடுத்துவிட்டார்கள். முன்பக்கம் பிடித்தவர் உன் அப்பா, பின்பக்கம் டிரம் அடிக்கிறவர். வாயைத் திறந்தால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் எல்லாம் கைதான். கை தாழ்ந்தால் படு, கை ஏறும் வரை அசையாதே. தூக்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கால் போயிருந்தாலும் சரி, முனகக்கூடாது. கல்யாணம் நிச்சயமானபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை சொன்னார், இதுக்கு மேல கேக்காதே, சம்மதம்னா கட்டிக்க என்றார். நான் கேட்கவில்லை. அந்த டிரம்காரர் என்ன ஆனார் என்றுகூட இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணின் வீட்டில் புகார் கொடுத்துவிட்டார்கள், இப்போது உன் அப்பாவுக்கு ஒரு மாதம் கட்டாய விடுப்பு. தலைமையாசிரியை நல்ல மனுஷி. விளக்கம் எழுதிக் கொடுங்க சார், இதுதான் முதல் தடவைன்னா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க, நானும் நிர்வாகக் குழுவுல பேசறேன் என்று சொல்லியிருக்கிறாள். இவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். எழுதி என்னிடம் நீட்டி, படிச்சுப் பாரு, எங்கயாவது சாக்கு சொல்ற மாதிரி இருந்தா அடிச்சிடு என்றார். சாக்கு ஒன்றும் இல்லை, தவறு முழுக்க என்னுடையது என்றுதான் எழுதியிருந்தது. நாலாவது வரியில், என் வாழ்க்கையில் இதற்கு முன் ஒருபோதும் இப்படி நடந்ததில்லை என்று எழுதியிருந்தார். ஒன்றையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று நீ ஒருத்தன்தான் புரிந்துகொள்வாய்.

உனக்கு நாலு வயதில் பஸ் ஸ்டாண்டில் டயர் வெடித்தது ஒன்று. வீட்டில் புத்தக அலமாரி சாய்ந்து விழுந்தது இரண்டு. எதிர்வீட்டுச் சுவரை இடித்தார்களே அது மூன்று. உன் பதினோரு வயதில் விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்குத் துப்பாக்கி வெடித்தார்களே, அது நாலு. நாலு தடவையும் உன்னைத் தரையில் அழுத்தி மேலே படுத்துக்கொண்டார். நாலு தடவையும் எழுந்ததும் மலங்க மலங்க விழித்து, என்னடி ஆச்சு என்றுதான் என்னைக் கேட்டார், அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. நீங்கதானே பையன்கூட விளையாடிக்கிட்டு இருந்தீங்க என்று சொன்னேன். உன்னிடம் இது தரை விளையாட்டு, யார் அதிக நேரம் அசையாமல் கிடக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஜெயம் என்றேன். நீ மூன்று தடவை நம்பினாய். நாலாவது தடவை மைதானத்தில் எல்லோரும் பார்க்க, அவருக்கு அடியில் இருந்துகொண்டே உங்கள் விளையாட்டு மாஸ்டரைப் பார்த்து, நாங்க விளையாடறோம் சார் என்று நீயே சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், இருபது வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை, சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், இல்லை என்று எழுது. அவரிடமிருந்து அந்த அறையைப் பிடுங்கினால் மனுஷன் என்ன ஆவார்? வீட்டில் பியானோ மூடியைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. அவருக்கா மூன்று தடவை! படிவம் உனக்கு வந்து சேர எப்படியும் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். கடையில் ஆள் வந்துவிட்டார்கள், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

இது சனிக்கிழமை எழுதுவது. வியாழக்கிழமையே தபாலில் போட்டிருக்க வேண்டியது, ஒட்டுவதற்குப் பசை எடுத்தேன், வைத்துவிட்டேன். நேற்று மத்தியானம் பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவர் கடைக்கு வந்தார், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். குழந்தைக்கு வலி மருந்து என்று சீட்டை நீட்டினார். வயது ஒன்பது, வலது முழங்கை என்று சீட்டில் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா. என்னை யாரென்று அவருக்குத் தெரியாது என்று நினைத்து, தலையைக் குனிந்தபடியே மருந்தை எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று சொன்னேன். அவர் போகவில்லை. நீங்க வாத்தியார் சம்சாரம்தானே என்றார். ஆமாம் என்றேன். கத்துவார், கண்ணாடியை உடைப்பார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை உடைஞ்சதுக்கு நான் கோபப்படலம்மா, பிள்ளைங்கன்னா விழும், ஒடையும், எங்க டிப்போவுல தினம் அடிபடுது என்றார். ஆனா என் பொண்ணு வலியில அழக்கூட உத்தரவுக்குக் காத்துக்கிட்டு கிடந்திருக்கா, இப்பவும் வீட்டுல அழமாட்டேங்கறா, கட்டு மாத்தும்போது என் கையையே பாக்கறா, எப்ப அழலாம்னு. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது என்றார்.

 அப்புறம் அவர் கேட்டது இதுதான், உங்க வீட்டுலயும் பிள்ளைங்க வளர்ந்திருக்கும் இல்ல, அவங்களுக்கு இப்படி நடந்திருக்கா என்று கேட்டார். வழக்கு பேசுகிற மாதிரி கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருபத்தேழு வருஷமாகப் பழகின பொய், நுனி நாக்கில்தான் இருந்தது. இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு, சரிம்மா, அப்ப தெரியாமத்தான் நடந்திருக்கு, மனுஷன் என்ன பண்ணுவாரு, நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் என்றார். சொல்லிவிட்டு மருந்துக் கவரைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படி இறங்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், வேண்டியது நடந்துவிட்டதே. ஆனால் கூரை வேலை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இவர் திரும்பிப் போய் அதே பெஞ்சு முன்னால் அதே கையைத் தூக்கி நிற்பார், மேலே தகரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நீ வேறு விடுமுறைக்குக் குட்டிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். அவளுக்கு என்ன விளையாட்டுப் பெயர் சொல்லிச் சமாளிப்பேன்?

தெருவில் ஓடினேன். எனக்கிருக்கும் மூட்டுவலிக்கு நான் ஓடி நீ பார்த்திருக்க மாட்டாய். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, நடந்திருக்குங்க, நாலு தடவை, என் மகனுக்கு என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.  அவர், அப்பவே சொல்லி சாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா என் பொண்ணு இன்னிக்குக் கையை ஆட்டிக்கிட்டு விளையாடிட்டு இருப்பா இல்லம்மா என்றார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது? பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். மற்ற ஆட்களெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆக வியாழக்கிழமை நான் எழுதினதை அடித்துவிடு. கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன், வேண்டாம், அம்மா என்ன கேட்டாள் என்பதும் உனக்குத் தெரியட்டும்.

இன்றைக்குத் திங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவிடம் சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தார், பாதி முகத்தில் சோப்பு. அந்தப் பதினோரு நிமிஷத்துல ஒரு நிமிஷம்கூட எனக்கு ஞாபகமில்ல, படுத்ததும் எழுந்த மாதிரிதான் இருக்கு, ஏன் இந்த வயசுல திடீர்னு இப்படி என்று கண்ணாடியைப் பார்த்து அவராகவே கேட்டுக்கொண்டார். திடீர்னு இல்லைங்க என்று ஆரம்பித்தேன். நாலையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் சோப்பைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் பாட்டில் தப்பு எங்கே விழுந்தது என்று கேட்பாரே, அதே மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த இடம், என்ன சத்தம், எவ்வளவு நேரம், அவன் மல்லாந்து கிடந்தானா குப்புறவா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கிட்ட இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கே என்றார். ஆமாங்க என்றேன். எனக்கு நல்லதுன்னு நெனச்சியா என்றார். ஆமாங்க. நாலு தடவையும் என் முழங்கால்ல சிராய்ப்பு இருந்துது, நான் ஏன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேக்கல என்று, இது என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். பாதிச் சவரத்தோடு அன்றைக்கு முழுக்க அப்படியே இருந்தார், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

பழைய விளக்கத்தைக் கிழித்துவிட்டார். புதிதாக எழுதினதில் நாலாவது வரி, இதற்கு முன் நான்கு முறை நடந்திருக்கிறது, என் மகனுக்கு, என்று இருந்தது. இன்று காலையில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். தலைமையாசிரியை படித்துவிட்டு, சார், பழசே போதுமே, யாரு உங்களைக் கேட்டாங்க என்று அழாத குறையாகச் சொன்னாளாம். பிள்ளைங்க கேக்க மாட்டாங்க, அதான் நானே சொல்றேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் சரியென்று எழுதிக் கொடுக்கும் வரை பாட்டு அறைப் பக்கம் போகக் கூடாது, அதற்கப்புறமும் குழு என்ன முடிவு செய்யுமோ, அநேகமாக அந்த வேலை போனதுதான். பட்டாளத்துக்காரர்களுக்கென்று இருக்கும் மனநல டாக்டரிடம் புதன்கிழமை முதல் போகிறோம், நானும் கூட வர வேண்டுமாம். இரண்டு நாளாக என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார், தண்ணி கொண்டா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். பேசாவிட்டால் போகட்டும், எனக்கு வேண்டியதுதான். நீ அதற்காகப் போன் செய்து அவரைச் சமாதானப்படுத்தப் பார்க்காதே.

அவர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பையன் அழுதானா என்று கேட்கிறார். சிரிச்சான்னு சொன்னேனேங்க என்றேன். முதல் தடவையுமா என்றார். முதல் தடவையும்தான் என்றேன். நம்பின மாதிரி இல்லை, இன்று மத்தியானமும் கேட்டார்.

கண்ணு, நீ அழுதாய். பஸ் ஸ்டாண்டில் தார் ரோட்டில் உன் தாடை உரசி ரத்தம் வந்தது, வீறிட்டு அழுதாய். நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள், வாத்தியாருக்குப் பைத்தியம் என்று ஊர் பேசிவிடுமே என்ற பயத்தில் நான் ஓடிவந்து மண்டிபோட்டு, உன் வாயை என் கையால் பொத்தினேன். விளையாட்டுடா, அழுதா தோத்துடுவே என்று உன் காதில் சொன்னேன். நீ அடங்கினாய். அவர் கை உன் நெற்றிக்கு அடியில்தான் இருந்தது, தரை இடிக்காமல். உன் வாயைப் பொத்தினது நான்.

இதை என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவர் கையில் கொடுத்து, படிச்சிட்டு நீங்களே தபால்ல போட்டுடுங்க என்று சொல்லப்போகிறேன். இது உனக்கு வந்து சேர்ந்தால் அவர் படித்துவிட்டார் என்று தெரிந்துகொள்.

படிவத்தில் ஐந்தாவது கேள்விக்கு நடந்ததை நடந்தபடி எழுது, என்னையும் சேர்த்து எழுது. மருமகளிடமும் மறைக்காதே. குட்டிப்பெண் விழுந்தால் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லாதே, அழுது முடிக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனதில் பாரமில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா